கமிட்டுக்கு முன் ஒரு காத்திருப்பு

ஒரு தரவுத்தளத்தின் தரவு முழுவதும் ஒரே சர்வரில் இருக்கும்வரை, எந்தப் பரிவர்த்தனை (ஒன்றாகப் பதிவாகும் மாற்றங்களின் தொகுப்பு) முந்தியது என்பதில் குழப்பம் வருவதில்லை. பல சர்வர்களுக்குப் பிரித்த பிறகுதான் தலைவலி. வாடிக்கையாளர் கட்டிய பணம் ஒரு சர்வரிலும், அது முடிந்த 2 மில்லிவிநாடியில் உருவாகும் ஆர்டர் இன்னொரு சர்வரிலும் பதிவாவதாகக் கொள்வோம். முதல் சர்வரின் கடிகாரம் 5 மில்லிவிநாடி முந்தி ஓடினால், ஆர்டரைவிடப் பணத்துக்குப் பிந்திய நேரமுத்திரை (பதிவான நேரத்தின் குறிப்பு) விழும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்துக்கு அறிக்கை எடுத்தால், பணமே வராத ஆர்டர் ஒன்று அதில் நிற்கும்.

நேரமுத்திரைகளை ஒரே இடத்திலிருந்து வழங்கலாம். கூகுளின் பெர்கோலேட்டர் என்ற தரவு அமைப்பு அப்படித்தான் செய்தது, டைடிபி என்ற தரவுத்தளமும் அவ்வழியே. ஆனால் கண்டங்கள் தாண்டிப் பரவிய அமைப்பில் ஒவ்வொரு பரிவர்த்தனையும் அந்த ஓரிடத்துக்குப் போய்வர வேண்டியிருக்கும்.

தன் ஸ்பானர் தரவுத்தளம் பற்றி 2012இல் கூகுள் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை வேறு வழியைக் காட்டியது. ஸ்பானரின் ட்ரூடைம் என்ற நேரச் சேவை, மணி என்ன என்று கேட்டால் ஒற்றை எண்ணைத் தராமல், உண்மையான நேரம் நிச்சயமாக அடங்கியிருக்கும் இடைவெளி ஒன்றைத் தருகிறது. ஒவ்வொரு சர்வரும் ஜிபிஎஸ், அணுக் கடிகாரம் பொருத்திய நேர சர்வர்களிடம் 30 விநாடிக்கொருமுறை சரிபார்த்துக்கொள்கிறது. நடுவில் தன் கடிகாரம் விநாடிக்கு 200 மைக்ரோவிநாடி வரை பிசகலாம் என்றும் கணக்கில் வைக்கிறது. அதனால் ஐயத்தின் அளவு 1 மில்லிவிநாடியிலிருந்து 7 வரை ஏறி, சரிபார்த்ததும் மீண்டும் இறங்குகிறது. (பழுதான கடிகாரத்தைவிடப் பழுதான சிபியு 6 மடங்கு அதிகம் என்று அக்கட்டுரையே சொல்கிறது.)

கமிட் செய்யும்போது, அதாவது மாற்றங்களை உறுதியாகப் பதியும்போது, இடைவெளியின் மேல்விளிம்புக்குக் குறையாத நேரமுத்திரையைத் தேர்ந்தெடுத்து, அந்த நேரம் ஐயமின்றிக் கடந்துபோகும்வரை, தரவைப் பிறர் தொடாதபடி போட்ட பூட்டுகளை விடாமல் ஸ்பானர் காத்திருக்கிறது. தரவின் பிரதிகளை வைத்திருக்கும் சர்வர்கள் ஒத்துப்போவதற்கான பாக்சோஸ் வாக்கெடுப்பும் அதே வேளையில் நடப்பதால் இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் உறைப்பதில்லை. அணுக் கடிகாரத்தைத்தான் எல்லோரும் வியக்கிறார்கள். தன் கடிகாரத்தை எவ்வளவு நம்பலாம் என்பதை எண்ணாகச் சொன்னதே பெரிய காரியம் என்பது என் கருத்து.

வலைப்பின்னல் வழியே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் சாதாரண என்டிபி கடிகாரங்களை நம்பும் காக்ரோச்டிபி தரவுத்தளம், சர்வர்களுக்கிடையே இயல்பமைப்பில் 500 மில்லிவிநாடி வரை விலகலை அனுமதிக்கிறது. ஒவ்வொரு கமிட்டுக்கும் அவ்வளவு நேரம் காத்திருந்தால் யாரும் அதைத் தொடமாட்டார்கள். ஆகவே காத்திருப்பை அது வாசிப்பின் பக்கம் தள்ளுகிறது: ஐயத்துக்குரிய இடைவெளியில் விழும் மதிப்பைக் கண்டால், வாசிப்பைப் பிந்திய நேரத்தில் மறுபடி நடத்துகிறது. ஒன்றையொன்று தொடாத இரு பரிவர்த்தனைகளின் வரிசை இதில் புரளக்கூடும். நம் ஆர்டரும் பணமும் அப்படிப்பட்டவையே. ஆர்டரைப் பதியும் பரிவர்த்தனை பணத்தின் பதிவையும் ஒருமுறை படித்துவிட்டால், அதன் நேரமுத்திரை பணத்துக்குப் பிந்தியே விழும்.