பிளம்பர் அண்ணனுக்கு முந்தாநாளே தெரியும்

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு வீட்டு வேலை, முதல் மாடித் தளம் போட வேண்டிய நாள். காலை ஆறரை மணி இருக்கும். கம்பி கட்டி முடித்தாகிவிட்டது, எலக்ட்ரீஷியன் பைப் ஓட்டிவிட்டார், பிளாண்டில் ரெடிமிக்ஸ் லாரி, கலந்த கான்கிரீட்டை லோடு ஏற்றிக்கொண்டிருக்கிறது. சென்ட்ரிங் மேல், அதாவது கான்கிரீட்டைத் தாங்க அடித்த பலகை மேல், ஒரு சுற்று பார்த்துக்கொண்டு நின்றேன். பிளம்பர் அண்ணன் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "சார், பாத்ரூம் அந்த மூலைக்குப் போயிடுச்சுன்னாங்களே, பள்ளம் இன்னும் பழைய இடத்துலயே இருக்கே" என்றார்.

வயிற்றைக் கலக்கிவிட்டது. பாத்ரூம் வரும் இடத்தில் மட்டும் தளத்தை முக்கால் அடியிலிருந்து ஒரு அடி வரை இறக்கிப் போடுவோம், சங்கன் ஸ்லாப் என்பார்கள், பைப் எல்லாம் அதற்குள்தான் ஓடும். இடம் மாறினால் பலகையும் மாற வேண்டும், கம்பியும் மாற வேண்டும். கான்கிரீட் விழுந்துவிட்டால் உடைக்கத்தான் வேண்டும்.

மாற்றிய பிளானைப் பத்து நாள் முன்பே வாட்ஸப் குரூப்பில் போட்டிருந்தேன். நீல டிக்கும் விழுந்திருந்தது. ஆனால் சென்ட்ரிங் மேஸ்திரி கையில் இருந்தது, சிமெண்ட் கறை படிந்து நாலாக மடித்த பழைய பிரிண்ட். குரூப்பில் வந்து விழும் அத்தனை போட்டோக்களுக்கு நடுவில் என் பிளானும் மேலே ஏறிப் போய்விட்டது. போட்டதையே சொன்னதாக நினைத்துக்கொண்டேன், அது என் தவறு.

ரெடிமிக்ஸை லோடு ஏற்றிய இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும், அதனால் முதல் லோடுக்குப் பணம் கட்டித் திருப்பி அனுப்பினோம். பலகை பிரித்து மறுபடி அடிக்க மூன்று நாள். சரி, அது போகட்டும். டீ குடிக்கும்போது அண்ணனிடம் கேட்டேன், "ஏண்ணே, இன்னைக்குக் காலையிலதான் பார்த்தீங்களா?"

"முந்தாநாளே பார்த்தேன் சார். முன்னாடி ஒரு சைட்ல இப்படித்தான் சொன்னேன், உன் வேலையப் பாருன்னுட்டாங்க."

பணம் போனதைவிட அதுதான் இன்னும் உறுத்துகிறது.

1998 டிசம்பரில் கிளம்பிய நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயில் தொலைந்துபோனது. ஒரு குழு பவுண்டுக் கணக்கில் கொடுத்ததை இன்னொரு குழு நியூட்டன் கணக்காக எடுத்துக்கொண்டது என்பதோடு எல்லாரும் அந்தக் கதையை முடித்துவிடுகிறார்கள். விசாரணை அறிக்கையில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. கணக்கு இடிக்கிறது என்பது போகும் வழியிலேயே வழி பார்க்கும் குழுவின் கண்ணில் பட்டிருக்கிறது, ஆனால் அதை முறைப்படி எழுப்பாமல் மின்னஞ்சலிலேயே தீர்க்கப் பார்த்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட 226 கிலோமீட்டர் உயரத்தில் போக வேண்டியது 57 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. அங்கேயும் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

இப்போதெல்லாம் தளம் போடுவதற்கு இரண்டு நாள் முன்னால் மேஸ்திரி, கம்பி கட்டுகிறவர், எலக்ட்ரீஷியன், பிளம்பர் எல்லாரையும் சென்ட்ரிங் மேல் ஏற்றிவிடுகிறேன். பழைய பிரிண்டை வாங்கிக் கிழித்துவிட்டுப் புதியதைக் கையில் கொடுப்பேன். அப்புறம் நான் பேசமாட்டேன், அவரவர் வேலை எங்கே வருகிறது என்று அவரவரே காட்டிச் சொல்ல வேண்டும். புரிந்ததா என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், காட்டுங்கள் என்றால்தான் உண்மை வெளியே வரும்.

போன வாரம் அப்படி நின்றிருந்தபோது அதே பிளம்பர் அண்ணன் எல்லார் முன்னாலும் சத்தமாக, "சார், இந்த பீம் குறுக்க வருது, ஸ்லீவ் வைக்காம லைன் போகாது" என்றார். பீமுக்குள் பைப் நுழைய வழிவிடும் குழாய்தான் ஸ்லீவ். கம்பி கட்டுகிறவர் உடனே பிளானை வாங்கிப் பார்த்தார். அரை மணி நேரத்தில் ஸ்லீவ் வைத்துவிட்டோம்.