தம்பியின் விபத்தும் என் தனி மனுவும்

2022 ஆகஸ்டில் எண்ணூர் விரைவு சாலையில் கண்டெய்னர் லாரி மோதித் தம்பி இறந்தபோது, பத்தடி பின்னால் என் வண்டியில் வந்துகொண்டிருந்தேன். என் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் லாரி நின்றபோது ஏர் பிரேக்கிலிருந்து வந்த 'உஸ்' என்ற ஓசை என்னோடு தங்கிவிட்டது. தண்டையார்பேட்டை வீட்டில் குக்கர் விசில் அடித்தாலே கை நடுங்கிச் சுவரோரம் உட்கார்ந்துவிடுவேன். மூன்றாம் வாரத்தில் அம்மா வற்புறுத்தி என்னை மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்.

இறப்புக்கான இழப்பீட்டைத் தம்பியின் மனைவியும் அம்மாவும் கேட்டிருந்தார்கள். எனக்குத் தனி மனு போடலாம் என்று வழக்கறிஞர் சொன்னபோது, தம்பி சாவில் காசு பார்ப்பதாகாதா என்று கேட்டேன். "துக்கத்துக்கு இழப்பீடு இல்லைங்கண்ணா, நோய்க்குத்தான்" என்றார். அந்தக் கோடு முதலில் கொடுமையாகப் பட்டது. பின்னர், என் நோயை நோயென்று ஏற்கச் செய்ததே அதுதான்.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பதால், ஐந்தாம் மாதத்தில் விபத்து இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும், உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தோம். வழக்கறிஞர் இங்கிலாந்துத் தீர்ப்புகள் இரண்டை எடுத்துச் சொன்னார். 1982-இல், விபத்தை நேரில் காணாமல் மருத்துவமனையில் குடும்பத்தாரைக் கண்ட தாய்க்கு, அதிர்ச்சியால் வந்த மனநோய்க்காக இழப்பீடு கிடைத்தது. 1989 ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் இரு சகோதரர்களை இழந்தவர், அங்கேயே இருந்தும், 1991-இல் தோற்றார். சகோதரப் பாசத்தை நீதிமன்றம் தானாக ஊகித்துக்கொள்ளவில்லை, அவர் தரப்பில் அதற்குச் சான்றும் வைக்கப்படவில்லை. அவை நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாதவை என்றாலும், அந்தக் குறை நம்மிடம் இருக்கக்கூடாது என்று, ஒரே குடும்ப அட்டையையும் இருவரும் சேர்ந்து கட்டிய வண்டிக் கடன் ரசீதுகளையும் இணைத்தார்.

குறுக்கு விசாரணையில், சட்டம் உடற்காயத்தைத்தான் சொல்கிறது, இவருக்கு எங்கே காயம் என்று காப்பீட்டுத் தரப்பு கேட்டது. நான் பதறிப்போனேன். மருத்துவர் சாட்சியம் சொல்லும்போது மூன்றாம் வாரச் சீட்டை எடுத்துக் காட்டினார். நோயின் பெயர், மருந்தின் அளவு, 'ஒலி கேட்டால் நடுக்கம்' என்ற குறிப்பு எல்லாம் தேதியோடு அதில் இருந்தன. வழக்குக்காகச் சொல்வதாக யாரும் சொல்ல முடியாதபடி, மனுவுக்கு மூன்று மாதம் முந்தைய சீட்டு அது. இதே நிலையில் இருப்பவர்கள் தயவுசெய்து முதலில் மருத்துவரிடம் போங்கள், சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

தீர்ப்பு வருமுன் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆயிற்று. தொகை பெரிதல்ல; ஆனால் உத்தரவில் 'மனநலச் சிகிச்சைக்காக' என்று தனி வரியாக எழுதப்பட்டிருந்ததை, தம்பியின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.