பார்வையற்ற மாணவர் உதவித்தொகை: படிவத்துக்கு அரை மணி, தாளுக்கு ஆறு மாதம்

தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்ப, எல்லாத் தாளும் கையில் இருந்தால் அரை மணி நேரம் போதும். பணம் வராமல் போவதற்கு அந்த அரை மணி நேரம் காரணமாக இருப்பது குறைவு. அதற்கு முன்னால் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் இனிஷியலும், அதற்குப் பின்னால் கல்லூரி அலுவலகத்தில் தூங்கும் விண்ணப்பமும்தான் காலை வாரிவிடும்.

மத்திய அரசின் திட்டங்களில் கல்லூரி மாணவர்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. 11ஆம் வகுப்பிலிருந்து முதுகலை வரை படிப்பவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக். ஐஐடி, ஐஐஎம் போல அரசு அறிவித்த நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு டாப் கிளாஸ். பெற்றோரின் ஆண்டு வருமானம் முதலாவதற்கு 2.5 லட்சத்துக்குள், இரண்டாவதற்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டுக்கும் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். ஒரு கண் மட்டும் தெரியாதவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். மறு கண் நன்றாக இருந்தால் சான்றிதழில் 30 சதவீதம்தான் வரும்.

போஸ்ட் மெட்ரிக்கில், வீட்டிலிருந்து வந்துபோகும் பி.ஏ. மாணவருக்கு மாதம் 650 ரூபாய், விடுதியில் இருந்தால் 1,000. புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,500. பார்வைக் குறைபாட்டுக்கான படி ஆண்டுக்கு 4,000. இதைவிடப் பெரியது, கல்லூரி நமக்குத் திருப்பித் தராத கல்விக் கட்டணம்: அதற்கு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை கிடைக்கும். மாதத் தொகையிலேயே கண் வைத்து, கட்டணப் பகுதியில் பூஜ்யம் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ரசீதைப் பார்த்து ரூபாய்க்கு ரூபாய் எழுதுங்கள்.

ஒரே படிப்புக்கு இரண்டு உதவித்தொகை வாங்க விதி இடம் தராது. மாநில உதவித்தொகையையும் இதையும் கணக்குப் போட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் பாடம் வாசித்துக் காட்டுபவருக்காகத் தரும் வாசிப்பாளர் உதவித்தொகை தனித் திட்டம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அதைக் கேட்க மறக்காதீர்கள்.

இனி இனிஷியல். ஆதாரில் ‘செல்வி மு’, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ‘மு. செல்வி’, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யூடிஐடியில் வெறும் ‘செல்வி’, வங்கியில் ‘செல்வி முருகன்’. நமக்கு நாலும் ஒரே பெண், கணினிக்கு நாலு பேர். எதை எதற்கேற்ப மாற்றுவது? பத்தாம் வகுப்புப் பட்டியலைத் தொடாதீர்கள், அதைத் திருத்துவது பெரும்பாடு. அதில் உள்ளபடியே மற்ற மூன்றையும் கொண்டுவாருங்கள்: முதலில் ஆதார், பிறகு யூடிஐடி, கடைசியில் வங்கி. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. அவசரத்தில் கை வைத்தால் அந்த வாய்ப்பும் வீணாகும்.

யூடிஐடி அட்டையின் நிறத்தைக் கூட இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை என்றால் 40க்குக் கீழே, மஞ்சள் 40 முதல் 80க்குள், நீலம் 80ம் அதற்கு மேலும். சான்றிதழ் தற்காலிகமானதா, எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் பாருங்கள். மருத்துவர் பரிசோதித்துச் சான்று தர மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளின் 2024 திருத்தங்கள் 3 மாதம் வரை அவகாசம் தருகின்றன. ஆகவே பிளஸ் 2 தேர்வு முடிந்த கையோடு தொடங்கினால்தான் சேர்க்கை நேரத்துக்குக் கையில் வரும்.

அடுத்தது ஓடிஆர் எனப்படும் ஒருமுறைப் பதிவு. 14 இலக்க எண் ஒன்று தருவார்கள், படிப்பு முடியும்வரை அதே எண்தான். இதற்கு ஆதார் முகச் சரிபார்ப்பு தேவை, பார்வையற்றவர்கள் அதிகம் தடுமாறும் இடமும் இதுதான். முகத்தை வட்டத்துக்குள் நிறுத்தி இமைக்கச் சொல்லும். செயற்கைக் கண் வைத்தவர்களுக்கும் இமை முழுதாக மூடாதவர்களுக்கும் இது திரும்பத் திரும்பத் தோற்கும். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் கேஒய்சியில், அதாவது ஆன்லைன் அடையாளச் சரிபார்ப்பில், இமைக்கச் சொல்வது போன்ற நிபந்தனைகளுக்கு மாற்றுவழி வேண்டும் என்றது. தீர்ப்பு வந்துவிட்டது, எல்லாச் செயலியிலும் வழி வந்துவிட்டது என்று நம்பி உட்கார வேண்டாம். ஜன்னலைப் பார்த்தபடி வெளிச்சம் முகத்தில் விழ உட்காருங்கள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள், போனை வேறொருவர் பிடிக்கட்டும். அப்படியும் தோற்றால் 15 வயதில் செய்ய வேண்டிய ஆதார் புதுப்பித்தல் நடந்ததா என்று பாருங்கள். குழந்தை முகத்தோடு கல்லூரி முகத்தைப் பொருத்தினால் எந்த இயந்திரமும் மறுக்கத்தான் செய்யும். புதுப்பிக்கப் போகும்போது கருவிழி பதியவில்லை என்றால், அதை விதிவிலக்காகக் குறிக்கும்படி ஆதார் மைய ஊழியரிடம் சொல்லுங்கள்.

படிவத்தை, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளான என்விடிஏ வைத்து நிரப்பலாம். உலாவு நிலையில் எஃப் எழுத்தை அழுத்தினால் அடுத்தடுத்த கட்டங்களுக்குத் தாவும், சி அழுத்தினால் தேர்வுப் பட்டியல்களுக்கு. ஆல்ட்டும் கீழ் அம்பும் சேர்த்து அழுத்திப் பட்டியலைத் திறந்து, பெயரை முழுதாகக் கேட்ட பிறகே தேர்ந்தெடுங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு ஊர்க் கல்லூரிகள் வரிசையாக வரும். படமாக வரும் கேப்ச்சாவுக்குப் பார்வையுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும், வீம்பு பிடித்துப் பயனில்லை. ஸ்கேன் செய்த சான்றிதழைத் திறந்து இன்சர்ட்டும் ஆரும் அழுத்தினால் விண்டோஸே எழுத்தை அறிந்து வாசிக்கும். ஆங்கிலச் சான்றிதழில் வாசிப்பு குழறினால் ஸ்கேன் கோணலாகவோ தலைகீழாகவோ இருக்கக்கூடும்.

வங்கிக் கணக்கில் ஆதார் ‘இணைந்திருப்பது’ வேறு, அரசுப் பணம் வந்து விழும் கணக்காக அது பதிவாகியிருப்பது வேறு. மைஆதார் தளத்தில் வங்கி சீடிங் நிலை என்ற இடத்தில் எந்த வங்கி காட்டுகிறதோ அங்கேதான் பணம் போகும். நடுவில் வேறு வங்கியில் புதுக் கணக்கு தொடங்கி சீடிங் படிவத்தில் ரேகை வைத்திருந்தால், பணம் அங்கே போய்க் கிடக்கும். பள்ளிக்கால ஜீரோ பேலன்ஸ் கணக்கு இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாமல் முடங்கியிருக்கலாம், ஒரு நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பாருங்கள். பார்வையில்லை என்று ஏடிஎம் அட்டையோ காசோலைப் புத்தகமோ மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008லேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. கிளையில் தயங்கினால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

சமர்ப்பித்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய பிழை. விண்ணப்பம் முதலில் கல்லூரியின் பொறுப்பு அலுவலரிடம் போகும். அவர் சரிபார்த்தால்தான் மேலே நகரும், அவருக்கென்று தனிக் கடைசித் தேதியும் உண்டு. அந்த அலுவலர் யார் என்பது பல கல்லூரிகளில் அலுவலகத்துக்கே தெரிந்திருக்காது. விண்ணப்பிக்கும் முன்பே பெயரைக் கேட்டு வையுங்கள். உங்கள் பாடப்பிரிவு பட்டியலில் இல்லையென்றால் அதைச் சேர்க்க வேண்டியவரும் அவரே. சமர்ப்பித்த மறுநாளே அச்சுப் பிரதியும் சான்றுகளும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை நிலையைப் பாருங்கள். ‘குறைபாடுள்ளது’ என்று வந்தால் திருத்தி மறுபடி அனுப்பலாம், ஆனால் தேதிக்குள். ‘நிராகரிக்கப்பட்டது’ என்றால் அந்த ஆண்டு போனதுதான். அதனால் சந்தேகம் இருந்தால் நிராகரிக்காமல் திருத்தத்துக்கு அனுப்புங்கள் என்று பொறுப்பு அலுவலரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

அடுத்த ஆண்டு புதிய விண்ணப்பம் போடாதீர்கள், பழையதைப் புதுப்பிக்க வேண்டும். பணம் அனுப்பியதாகக் காட்டியும் கணக்கில் ஏறவில்லை என்றால் அரசு அனுப்பும் பணத்தின் கணக்கைக் காட்டும் பிஎஃப்எம்எஸ் தளத்தில் தேடுங்கள். எந்த வங்கிக்கு அனுப்பினார்கள், எதனால் திரும்பியது என்று அங்கே இருக்கும். அதை அச்செடுத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள்.