எதிர் மூலை

"அப்போ எச்12-ஐயும் எடுத்துடவா அக்கா?"

2012-இல் கேட்டாள். நான் சொன்ன பதில் இன்றைக்கும் உறுத்துகிறது.

எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக என்னிடம் விட்டிருந்த மாணவி. சுண்டெலி சீரத்தில் (ரத்தத்தின் தெளிந்த நீரில்) ஆன்டிபாடி பார்க்கும் எலைசா சோதனை. வெல் எனப்படும் சின்னக் குழிகள் 96 கொண்ட பிளேட்டில் செய்வது; ஆன்டிபாடி கூடினால் நிறமும் ரீடிங் எண்ணும் ஏறும். தடுப்பூசி போடாத ஓர் எலியின் சீரத்தை விட்ட மூன்று வெல்களில் இரண்டு 0.19, 0.21. மூலையில் இருந்த ஏ1 மட்டும் 0.88. ஆசிட் விட்டதும் அது ஒன்றுதான் பளிச்சென்று மஞ்சளாக நின்றது. "எட்ஜ் எஃபெக்ட்மா, கணக்கிலிருந்து எடுத்துடு" என்றேன். யோசிக்கவே இல்லை.

பொய்யும் சொல்லவில்லை. பிளேட்டின் ஓர வெல்கள் சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் ஆவியாகும். மூலைகள் இன்னும் மோசம். அன்று பிளேட்டைச் சூட்டில் வைத்திருந்த இன்குபேஷன் நடுவில் கரண்ட் வேறு போனது. அந்த வருஷம் மதுரையில் இருந்தவர்களுக்கு மின்வெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்போதுதான் அவள் எதிர் மூலையைக் காட்டினாள். தடுப்பூசி போட்ட எலி, எச்12, 1.74. அதே எலியின் மற்ற இரண்டு வெல்களும் 1.1-ஐ ஒட்டி இருந்தன. அதுவும் மூலைதான். ஆனால் எங்களுக்கு வேண்டிய பக்கமாக ஏறியிருந்தது.

"அது இருக்கட்டும். நேரமாச்சு, நீ திருமங்கலம் பஸ்ஸைப் பிடி."

அதட்டிச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னேன். அவளும் சரிக்கா என்று பையை எடுத்துக்கொண்டாள்.

கிட் தீர்ந்துவிட்டது. ரிப்போர்ட் கொடுக்க நான்கு நாள்தான் இருந்தது. நானே அப்போது ஸ்காலர், கைடிடம் போய் இன்னொரு கிட் கேட்கும் தைரியம் இல்லை. எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் புராஜெக்ட் முழுவதிலும் அவள் கேட்ட மிக நல்ல கேள்வி அது. அதற்கு நான் பஸ் நேரம் சொன்னேன். இரண்டையும் எடுத்திருக்கலாம், இரண்டையும் வைத்திருக்கலாம், குறைந்தது நோட்டில் ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கலாம்.

இப்போது என் மாணவர்கள் ஓரத்து 36 வெல்களிலும் சாம்பிள் இல்லாத வெறும் பஃபர் கரைசல்தான் விடுவார்கள்; சாம்பிளுக்கு உள்ளே இருக்கும் 60 மட்டும். "கிட் வீணாகுது மேடம்" என்பார்கள். ஆவியாவதைப் பற்றி விளக்குவேன். ஏ1, எச்12 பற்றிச் சொன்னதில்லை.

எப்படிப் பார்த்தாலும் முடிவு மாறியிருக்காது என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ரீடிங் ஷீட்டின் நகல் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. எல்லா எலிகளையும் சேர்த்து, இரண்டு குழுவுக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் டி டெஸ்ட்டை மறுபடி போட ஐந்து நிமிடம் ஆகும். இதுவரை போட்டுப் பார்க்கவில்லை.