பதினான்கு வீடுகளும் ஒரு குறிப்பேடும்

எங்கள் கத்தோலிக்கக் கோவில் பங்கில் நோயாளிகளின் வீடுகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் பணியை 11 ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நற்கருணை அப்பம் வைத்த சிமிழை வாங்கிக்கொண்டு புறப்பட்டால் 14 வீடுகள். புதிதாக வந்த பங்குத்தந்தை, அவற்றில் ஏழு வீடுகளை இளைஞர் ஒருவரிடம் ஒப்படைக்கலாமா என்று கேட்டபோது, "செபித்துச் சொல்கிறேன் பாதர்" என்றேன். சொல்லும்போதே என்னுள் முடிவு உருவாகியிருந்தது. அதை நோயாளிகள் மீதுள்ள கரிசனை என்றே நான் நம்பினேன்.

அந்தக் கேள்வியோடுதான் கொடைக்கானல் மலையில் எட்டு நாள் மௌனத் தியானத்துக்குப் போனேன். இயேசு சபையை நிறுவிய புனித இலொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளை முழுமையாகச் செய்ய ஏறத்தாழ 30 நாள்கள் வேண்டும். எட்டு நாள் தியானம் அதன் சுருக்கம். நாளொன்றுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் செபிக்க வேண்டும். செபம் முடிந்ததும் உள்ளத்தில் நடந்ததைத் திரும்பிப் பார்த்து எழுத வேண்டும். மாலையில் அரை மணி நேரம் வழிகாட்டும் குருவானவரைச் சந்திக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியை என்பதால் குறிப்பேட்டை மிக ஒழுங்காக எழுதினேன். அந்த ஒழுங்கே என்னைக் காட்டிக்கொடுத்தது.

மூன்றாம் நாள் மாலையில், 14 வீடுகளும் என்னிடமே இருக்க வேண்டும் என்பதை ஆண்டவர் தெளிவாக உணர்த்திவிட்டார் என்று குருவானவரிடம் சொன்னேன். செபத்தில் ஒரு பாட்டியின் முகம் தோன்றியது என்றும், ஆழ்ந்த அமைதி கிடைத்தது என்றும் விவரித்தேன். அவர் மறுக்கவில்லை. "செபம் எங்கே தொடங்கியது என்று சொன்னீர்கள் டீச்சர், எங்கே முடிந்தது?" என்று மட்டும் கேட்டார். குறிப்பேட்டைத் திறந்து வாசித்தேன். அந்த இளைஞர் டி-சர்ட் அணிந்து கோவிலுக்கு வருகிறார். வாசகத்தைத் தடுமாறி வாசிக்கிறார். ஒன்பதாவது வீட்டு அம்மாவுக்கு விழுங்க முடியாது என்பதால் அப்பத்தைச் சிறு துண்டாக்கி ஒரு கரண்டித் தண்ணீரோடு கொடுக்க வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? முந்தைய மூன்று குறிப்புகளையும் வாசிக்கச் சொன்னார். நான்கும் ஒரே வழியில் போயிருந்தன: ஆண்டவரிடம் தொடங்கி, பாட்டியின் வழியாக நடந்து, அந்த இளைஞரின் குறைகளில் வந்து நின்றன.

எண்ணங்களின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார்க்க வேண்டும் என்பது இஞ்ஞாசியார் தரும் விதி. மூன்றும் நன்மையை நோக்கியிருந்தால் அது நல்ல ஆவியிடமிருந்து வருவது. தொடக்கம் புனிதமாக இருந்து, முடிவு தாழ்ந்ததாகவோ உள்ளத்தின் அமைதியைக் குலைப்பதாகவோ இருந்தால், ஒளியின் தூதரைப் போல வேடமிட்டு வந்தவர் வேறு யாரோ. மறைக்கல்வி வகுப்பில் மாணவர்களுக்கு இதை நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்பதுதான் வேடிக்கை.

மறுநாள் மூவகை மனிதர் பற்றிய தியானம் தரப்பட்டது. கடவுள் அன்பை மட்டுமே முன்னிட்டுச் சேர்க்காத 10,000 பொற்காசுகள் மூவரிடம் உள்ளன. அந்தப் பணத்தின் மீதுள்ள பற்றை விட மூவருமே விரும்புகிறார்கள். முதலாமவர் சாகும்வரை எதுவும் செய்வதில்லை. இரண்டாமவர் பற்றை விட விரும்புகிறார், பணத்தை விடுவதில்லை. தான் நிற்கும் இடத்துக்குக் கடவுள் வர வேண்டும் என்கிறார். வைத்துக்கொள்வதோ கொடுத்துவிடுவதோ, இரண்டுக்கும் மனம் திறந்து நிற்பவர் மூன்றாமவர். இரண்டாமவரைப் பற்றிப் படித்தபோது, 'செபித்துச் சொல்கிறேன்' என்ற என் சொல் எனக்கே கேட்டது.

பற்று வலுவாக இருக்கும்போது அதற்கு எதிரானதை ஆண்டவரிடம் வேண்டிக் கேட்பதுதான் பயிற்சி. "இந்தப் பணியை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளும்" என்று சொல்ல எனக்கு இரண்டு நாள்கள் வாய் வரவில்லை. வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லா வீடுகளிலும் என் நினைவில் நின்றது, "டீச்சர் வந்தாச்சு" என்ற குரல். கணவர் இறந்து, பள்ளியும் முடிந்து, பிள்ளைகளும் வெளியூர் போன பிறகு, யாராவது எனக்காகக் காத்திருக்கும் நாள் ஞாயிறு ஒன்றுதான். நான் தற்பெருமை என்று அஞ்சியது உண்மையில் தனிமை. இதைச் சொல்லி அழுதபோது குருவானவர், தனிமை பாவமல்ல என்றும், அதை நோயாளிகளின் தேவை என்று பெயர் மாற்றி அழைத்ததே சிக்கல் என்றும் சொன்னார்.

ஊர் திரும்பியதும் நேராகப் பங்குத்தந்தையிடம் போய், 14 வீடுகளின் பட்டியலையும் சிமிழையும் மேசைமேல் வைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "நான் ஏழுதானே டீச்சர் கேட்டேன்?" என்றார். ஒரு வாரம் அழுது வென்றதாக நினைத்த துறவிலும் பார்வையாளர்களுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்பது அந்த அறையில்தான் எனக்குப் புரிந்தது. சிமிழை மறுபடி எடுத்துக்கொள்வது, அதைக் கொடுத்ததைவிடக் கடினமாக இருந்தது.

இப்போது எனக்கு ஏழு வீடுகள். தண்ணீரும் கரண்டியும் பற்றி அந்த இளைஞரிடம் சொன்னேன். அவர் அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். பட்டியலை இரண்டாகப் பிரித்தது நான்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். செபத்தில் தோன்றிய அந்தப் பாட்டியின் வீடு என் ஏழில் இருக்கிறது. அது அந்த இளைஞரின் வீட்டிலிருந்து இரண்டாவது தெரு. எனக்கு இரண்டு பேருந்துகள் மாற வேண்டும். இதைப் பற்றிச் செபிக்கத் தொடங்கி, குறிப்பேட்டில் மூன்று பக்கங்கள் எழுதியாயிற்று. அவற்றின் கடைசி வரிகளை இன்னும் திருப்பிப் பார்க்கவில்லை.