பம்ப் 110 டாலர், அத மாத்துற கைக்கு 650

ஜனவரி மாசம், வெளிய மைனஸ் 18, கனடால டொரான்டோ பக்கம் ஸ்கார்பரோல ஒரு சிக்னல்ல நிக்கிறேன், கார் ஹீட்டர்ல இருந்து சில்லுனு காத்து வருது. வண்டி நகர்ந்தா கொஞ்சம் சூடு, நின்னா மறுபடி சில்லு. கொஞ்ச நேரத்துல டெம்பரேச்சர் முள்ளும் மேல ஏற ஆரம்பிச்சதும் எனக்கு திக்குனு ஆயிடுச்சு. ஹீட்டருக்கு சூடு வர்றதே என்ஜின சுத்துற கூலண்ட்ல இருந்துதானே, அது எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். ஓரங்கட்டி என்ஜின ஆஃப் பண்ணிட்டு டோ வண்டிக்கு போன் போட்டேன்.

வண்டி 2006 ஹோண்டா அக்கார்ட், ஆறு சிலிண்டர் வி6, ரெண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டினது. டோ வண்டி கொண்டு போய் விட்ட கேரேஜ்ல, கூலண்ட என்ஜினுக்குள்ள சுத்த விடுற வாட்டர் பம்ப் போச்சுன்னாங்க. பம்ப் 110, டைமிங் பெல்ட் (என்ஜின் வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்துல ஓட வெக்கிற பெல்ட்) கிட் 240, கூலண்ட் 40, லேபர் மணிக்கு 130 டாலர்னு அஞ்சு மணி நேரம், அது மேல 13 சதவீதம் ஹெச்எஸ்டிங்கற விற்பனை வரி. கூட்டினா 1,175 டாலர். இந்த ஊருக்கு வந்து வருஷமாச்சு, டாலர ரூபாயாக்கி பாக்குற பழக்கமெல்லாம் விட்டு போச்சுன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன், அன்னைக்கு மனசு தன்னால கணக்கு போட்டுச்சு, 70,000 ரூபாய்க்கு மேல.

சேலத்துக்கு போன் பண்ணி அப்பாகிட்ட சொன்னா, "அந்த காசுக்கு ஒரு பழைய மாருதி 800 வாங்கிடலாமே கண்ணு"ங்கறாரு. அப்பா அம்பாசிடர் டாக்ஸி ஓட்டினவரு, ஏற்காடு சவாரிதான் அதிகம். அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு, சித்திரை வெயில்ல நாலஞ்சு பேர ஏத்திட்டு ஃபர்ஸ்ட் கியர்லயே முனகிட்டு ஏறுனா பாதி மலைக்குள்ள வண்டி கொதிச்சிடும். ஓரமா நிறுத்தி பானெட்ட தூக்கி வெச்சிட்டு, ஈரத்துணிய நாலா மடிச்சு ரேடியேட்டர் மூடி மேல போட்டு, முகத்த அந்தாண்ட திருப்பிட்டு கொஞ்சம் கொஞ்சமா திருகுவாரு, உஸ்ஸுனு ஆவி வரும், அது அடங்கினப்பறம்தான் கேன்ல இருந்து தண்ணி. சவாரிக்கு வந்தவங்க அதுக்குள்ள குரங்குக்கு பொரி போட்டுட்டு இருப்பாங்க. மேல ஏறிட்டா ஏரிக்கரைல மிளகாய் பஜ்ஜி, குளிரு, எல்லாருக்கும் எல்லாம் மறந்துடும்.

அந்த வண்டிக்கு பம்ப் போனா சேலத்துல குகைங்கற ஏரியா பக்கம் ஒரு பட்டறை அண்ணன்கிட்ட விடுவாரு. அம்பாசிடர்ல ஃபேன் மாட்டியிருக்குற ஷாஃப்ட்டேதான் பம்ப்போட ஷாஃப்ட்டும், ரேடியேட்டர எடுத்தா கை எட்டுற எடம். அந்த அண்ணன் பம்ப்ப தூக்கி போட மாட்டாரு, கிட் வாங்கிட்டு வர சொல்லி பேரிங்கும் சீலும் மட்டும் மாத்துவாரு, ஷாஃப்ட்ட விரலால சுத்தி காதுகிட்ட வெச்சு கேப்பாரு. அதுக்கப்பறமும் அப்பா கூலில அம்பது நூறு கொறைக்க சொல்லி நிப்பாரு.

எனக்கு இங்க ஆத்தாம போனது அந்த லேபர்தான். சாமான விட கைக்கு ஆறு மடங்கா? அதான் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருத்தர் வெச்சிருக்குற கேரேஜுக்கு வண்டிய டோ பண்ணி கொண்டு போய் கேட்டேன். அவர் பேசாம கூப்பிட்டு காட்டினாரு. பம்ப் டைமிங் பெல்ட்டுக்கு உள்ள உக்காந்திருக்கு, சக்கரம், என்ஜின் மவுண்ட், கவரு எல்லாம் கழட்டினாதான் கண்ணுலயே படும். "நாலு சிலிண்டர் எண்டா பம்ப் வெளியில இருக்கும் தங்கச்சி, இது அப்பிடி இல்ல. பம்ப மட்டும் மாத்திப்போட்டு பழைய பெல்ட்ட விட்டா, அது அறுந்த அண்டைக்கு வால்வு பிஸ்டன்ல அடிச்சு என்ஜினே போயிடும். பிறகு திரும்ப இவ்வளவும் கழட்ட வேணும்." பம்ப்புக்கு அடில பொடி ஓட்டை ஒண்ணு இருக்கு, உள்ள சீல் தேஞ்சா அது வழியா சொட்டி காட்டிக்குடுக்கும், அதுல இருந்து கீழ வரைக்கும் நீலமா வெளிறின கறை ஓடியிருந்துச்சு. அவரும் கிட்டத்தட்ட அதே ரேட்டுதான் சொன்னாரு. சரின்னுட்டேன்.

இங்க அப்பா மாதிரி வெறும் தண்ணி ஊத்தி சமாளிக்கவும் முடியாது, உறைஞ்சு என்ஜின் ப்ளாக்கே வெடிச்சிடும். கூலண்டும் தண்ணியும் பாதிக்கு பாதி கலந்தா மைனஸ் 37 வரைக்கும் தாங்கும்.

சாயங்காலம் வரைக்கும் அங்கயே ஒக்காந்து பாத்தேன். குளிர்ல வெரலெல்லாம் வெடிச்சு, ரெண்டு போல்ட் துருப்பிடிச்சு வராம அவர் பட்ட பாடு. இந்த கைக்கு மணிக்கு 130 டாலர் நியாயம்தான். அப்படின்னா குகை பட்டறை அண்ணனுக்கு நாங்க குடுத்தது என்ன? இத்தன வருஷமா எங்க குடும்ப சோத்துக்கு வழி பண்ணின வண்டிய ஓட வெச்சது அந்த மனுஷன், அவர் கூலிலயா அம்பது ரூபா கொறைச்சோம்? பில்லு வலிச்சது ரெண்டு நாள்ல போயிடுச்சு, இது போகவே மாட்டேங்குது.

இப்ப அப்பாகிட்ட ஒரு ஆம்னி இருக்கு, அதுக்கு க்ளட்ச் வேல வருதாம். அந்த அண்ணன் என்ன கேக்குறாரோ அத முழுசா குடுங்கப்பா, நான் அனுப்புறேன்னு சொன்னேன். "அதெல்லாம் நீ தலையிடாத கண்ணு, நாங்க பேசிக்குவோம்"னாரு. நான் விடல, பட்டறை அண்ணனோட பையன் நம்பர வாங்கி நேரா அவனுக்கே அனுப்பிட்டேன்.