பி0171: கணக்கில் வராத காற்று

பத்து வயதைத் தாண்டிய எங்கள் பெட்ரோல் காரில் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. முதலில் கொண்டுபோன பட்டறையில் ஸ்கேனரை மாட்டினார்கள். பி0171 என்ற குறியீடு வந்ததும், "ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது சார், மாற்றிவிடலாம்" என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எக்ஸாஸ்ட் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் அந்த சென்சாரைக் குறியீடு குற்றம் சொல்லவே இல்லை. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, எவ்வளவு கூட்டிக் கொடுத்தும் ஈடுகட்ட முடியவில்லை என்று எஞ்சின் கணினி முறையிடுகிறது, அவ்வளவுதான். சாட்சி சொன்ன சென்சாரையே கழற்றி எறிந்தால் வழக்கு எப்படித் தீரும்?

கோவையில் அவிநாசி சாலை சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஆர்பிஎம் முள் நிலைகொள்ளாமல் ஏறி இறங்கும், ஸ்டியரிங் வரை நடுக்கம் தெரியும். அதே வண்டி நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் குறையே இல்லாமல் ஓடும். இந்த வேறுபாடுதான் எனக்கு முதல் தடயம்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் மாட்டும் சிறிய புளூடூத் ஓபிடி கருவி, அதாவது எஞ்சின் கணினியின் தகவல்களைப் படிக்கும் கருவி, என்னிடம் இருந்தது. குறியீட்டை அழிப்பதற்கு முன், அது பதிவான நேரத்தின் விவரங்களைக் குறித்துக்கொண்டேன். எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தது, வண்டி நின்றிருந்தது, ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐடில் வேகம். அழித்துவிட்டால் இந்தத் தகவலும் சேர்ந்தே போய்விடும். பல பட்டறைகளில் முதல் வேலையாக அழிப்பதைத்தான் செய்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அடுத்து ஃப்யூயல் ட்ரிம். தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று கணினியே சொல்லும் எண் இது. ஷார்ட் டெர்ம் (அந்த நொடியின் திருத்தம்), லாங் டெர்ம் (நாளடைவில் பழகிக்கொண்ட திருத்தம்) இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பத்துக்குள் இருந்தால் கவலையில்லை. எங்கள் வண்டியில் ஐடிலில் கூட்டுத்தொகை +27. ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் நிறுத்தியபோது மெல்ல இறங்கி +8க்கு வந்தது. இந்த இரண்டு எண்களே பாதி வேலையை முடித்துவிட்டன.

ஏனென்றால், காற்றை அளக்கும் சென்சாரைக் கடந்து வரும் காற்றுக்குத்தான் கணினி பெட்ரோல் தருகிறது. அதற்குப் பின்னால் விரிசல் வழியாக நுழையும் காற்று கணக்கில் வராது. ஐடிலில், காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம், அதில் கசிவின் பங்கு பெரிது. வேகம் கூடினால் உள்ளே வரும் காற்று பல மடங்கு ஆகிறது, அதே கசிவு அதில் கரைந்துபோகிறது. பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளும் பம்ப் பலவீனமாக இருந்தாலோ பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருந்தாலோ நேர்மாறாக, வேகத்திலும் ஏற்றத்திலும்தான் எண் உயரும். மேனிஃபோல்டு, அதாவது காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் குழாய், அதன் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணிக்கும் வண்டிகளில் கதை வேறு. அங்கே இதே கசிவு ஐடில் வேகத்தைக் கூட்டிவிட்டு, குறியீடே காட்டாமலும் போகலாம்.

ஆக்சிஜன் சென்சார் மீதான சந்தேகத்தையும் தீர்த்துவிட நினைத்தேன். வழக்கமாக 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஊசலாட வேண்டியது, காற்று அதிகம் என்று காட்டும் 0.1ஐ ஒட்டியே கிடந்தது. ஏர் ஃபில்டர் பக்கக் குழாயில் கார்புரேட்டர் கிளீனரைத் துளி அளவு தெளித்ததும் 0.8க்குத் தாவி, உடனே கீழே வந்தது. சென்சார் உயிரோடு இருக்கிறது, உண்மையைத்தான் சொல்கிறது. அதே ஸ்ப்ரேயைச் சூடான எஞ்சின் மேல் அடித்துக் கசிவைத் தேடும் வழக்கமும் உண்டு. எக்ஸாஸ்ட் சூட்டில் தீப்பிடிக்கும் என்பதால் நான் அதைத் தொடவில்லை.

புகைச் சோதனைக் கருவி வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். வயதில் மூத்தவர். எண்களைக் காட்டியதும், "பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள் தம்பி" என்று சொல்லி, எஞ்சினை அணைத்து, இன்டேக் குழாயை அடைத்து, மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையைச் செலுத்தினார். சிறிது நேரம் எதுவும் தெரியவில்லை. பிறகு மேனிஃபோல்டுக்கு அடியிலிருந்து நூல் போல ஒரு வெண்புகை எழுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், எஞ்சினுக்குள் சேரும் வாயுவைத் திருப்பி எரிக்க அனுப்பும் பிசிவி வால்விலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸ். மேலிருந்து பார்க்கப் புதிது போலவே இருந்தது. கழற்றித் திருப்பியபோது, வளைவின் அடிப்பக்கத்தில் விரல் நகம் நீளத்துக்குப் பிளவு. எண்ணெயிலும் சூட்டிலும் இறுகி, அமுக்கினால் ரப்பர் என்றே தோன்றாத அளவுக்குக் கட்டையாகியிருந்தது. கையில் பிடித்து லேசாக வளைத்ததும் பிளவு வாய் திறந்தது.

புதிய ஹோஸும் இரண்டு கிளாம்புகளும் சேர்த்து ஆன செலவு, முதல் பட்டறை சொன்ன சென்சார் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வால்வைக் குலுக்கிப் பார்த்தார், கலகலவென்று சத்தம் வந்தது, அடைத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அதை மாற்ற வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். கழற்றியபோது தளர்ந்த மற்ற குழாய்களைப் பொருத்தி, மறுபடியும் புகை விட்டுப் பார்த்த பிறகுதான் வண்டியைக் கொடுத்தார். அந்த இரண்டாவது புகைக்காகவே அவரை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன்.

இதற்கிடையில் நண்பர்கள் பலரும், "எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோலால்தான்" என்றார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. பெட்ரோல் முழுதாக எரிய அதன் எடையைப் போல 14.7 மடங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 மடங்கு போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் ஏறக்குறைய 13.5 ஆகிவிடும். ஆகவே பழைய வண்டியின் கணினி சில சதவீதம் கூடுதலாக ஊற்றத்தான் வேண்டியிருக்கும். ஆனால் அது ஐடிலில் 27, வேகத்தில் 8 என்று ஆள் பார்த்து நடக்காது. எல்லா வேகத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கூடும்.

குறியீட்டை அழித்து, நகருக்குள்ளும் மேட்டுப்பாளையம் சாலையிலும் ஓட்டி, எண்கள் நிலைபெறும் வரை கவனித்தேன். ஐடிலில் +5, 2500இல் +6. சிக்னலில் முள் அசையாமல் நிற்கிறது. மிச்சமிருக்கும் அந்த ஐந்தாறு சதவீதம் பெட்ரோல் பங்க்கில் போடும் எத்தனால் கலந்த பெட்ரோலின் கணக்கு என்று விட்டுவிட்டேன்.